ஆலடிப்பொத்தையில் ஒரு பாய்ச்சல்

மழை வரும் என்று வானிலைக்காரர்கள் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் குடை எடுக்க மாட்டார்கள். ஆனால் ஆடி கடைசிச் செவ்வாயை ஒட்டி ஆலடிப்பொத்தையில் ஒரு புது உயிரினம் பிறக்கும் என்று என் அலுவலகம் அறிவித்ததும் அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் ஏறியது. "புதிய உயிரே வருக! வருக!" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பதினேழு பேர் கைகூப்பி நின்றார்கள். வரப்போகிற உயிரின் படம் கைவசம் இல்லாததால் நடுவில் ஒரு பெரிய கேள்விக்குறி.

அந்த அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவள் நான். உ. ஆவுடைநாயகி, பொறுப்பு அலுவலர், பாய்ச்சல் கண்காணிப்பு நிலையம், ஆலடிப்பொத்தை. சொந்த ஊரிலேயே வேலை கிடைத்த பாக்கியசாலி என்று எல்லாரும் என்னைச் சொன்னார்கள். சொந்த ஊரில் வேலை பார்த்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

என் அம்மா உலகம்மாள் கடைத்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறாள். மில்லுக்குப் பின்னால்தான் வீடு. அறிவிப்பு வந்த அன்று நான் மில்லுக்குள் நுழைந்தபோது, மிளகாய்த் தூக்குவாளியோடு நின்ற சண்முகவடிவு சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ ஆவுடை, கொரங்கு மனுசனாவ லட்சம் வருசம் ஆச்சும்பாவ. நீ என்னமோ வார செவ்வாக்கெழமைங்க?"

"மெதுவாத்தான் மாறும்னு எல்லாரும் நெனச்சிருந்தாவ சித்தி. நூத்தம்பது வருசத்துக்கு முந்தி ஒரு டச்சுக்காரர் மட்டும் இல்லன்னாரு. உருளக்கெழங்கு போட்டுத் தரிசா விட்ட காட்டுல, சாயங்காலம் பூக்குற மஞ்சப்பூச் செடியா நின்னுச்சாம். அதுல ரெண்டு மூணு செடி மட்டும் மத்தது மாதிரியே இல்ல. வெதைய எடுத்துப் போட்டுப் பாத்தாரு. அதுக்குப் பொறந்ததும் அது மாதிரியேதான் வந்துச்சு. இனம் ஊந்து ஊந்து மாறல, ஒரே நாள்ல தாவுதுன்னு எழுதுனாரு."

"நம்புனாவளா?"

"கொஞ்ச நாள் தலையில தூக்கி வச்சு ஆடுனாவ. பொறவு, அந்தப் பூவே ஒரு கிறுக்குப் பூ, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு ஒதுக்கிட்டாவ. இப்பத்தான் தெரியுது, அவரு சொன்னது பாதி சரி. எப்பவாவது எங்கயாவது தாவத்தான் செய்யுது. தாவுறதுக்கு முந்தி அங்கங்க ஒத்திகை பாக்கும். அப்ப உதிருற தோல், மயிரு தூசி காத்துல கெடக்கும். நான் தெருத்தெருவாப் பெட்டி மாட்டிருக்கேம்லா, அது மோந்து பாத்து எடமும் நாளும் சொல்லிரும். எந்த உயிருன்னு மட்டும் சொல்லாது."

சித்தி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "எங்க செவலை ஆடு சினையா இருக்கு. அதுக்கும் செவ்வாக்கெழமைதான் கணக்கு. புதுசுக்கு யாரு பேரு வைப்பாவ?"

"யாரு வளத்த ஆடோ அவுகதான் வைக்கணும். சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப வடிவுன்னு வச்சுருவேன்" என்றாள் சித்தி, மிளகாயை மறந்துவிட்டுப் புறப்பட்டே போய்விட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரத்துச் சினை ஆடுகள் எல்லாம் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கின. லாரியில் வந்தன, ஆட்டோவில் வந்தன, ஒன்று அரசுப் பேருந்தில் அரை டிக்கெட் எடுத்து வந்தது. முன்னறிவிப்பு வட்டம் மூன்று கிலோமீட்டர். அதற்குள் குட்டி போட்டால்தான் பேர் வைக்கும் உரிமை. எல்லைக்கல் நட்ட இடத்தில் கயிறு கட்டி, கல்யாண வீட்டு வாசல் மாதிரி வாழை மரம் கூட வைத்துவிட்டார்கள்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காரணம் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. வட்டத்துக்குள், முன்னறிவித்த நாளோடு முடிகிற மூன்று நாளில் பிறக்கும் எல்லா உயிர்களையும் தாயிடமிருந்து பிரித்து முப்பது நாள் மாவட்டக் கண்காணிப்புக் கொட்டிலில் வைக்க வேண்டும். 'எல்லா உயிர்களும்' என்று எழுதியவருக்கு மனிதனும் ஓர் உயிர்தான் என்பது ஞாபகம் வரவில்லை. திருத்தச் சொல்லி நானே இரண்டு முறை எழுதினேன். கோப்பு நகர்கிறது என்று பதில் வந்தது. எந்தத் திசையில் என்று சொல்லவில்லை.

வட்டத்துக்குள் பதினோரு கர்ப்பிணிகள் இருந்தார்கள். பத்துப் பேரை அவரவர் குடும்பம் வெளியூருக்குக் கூட்டிப் போய்விட்டது. மிச்சம் ஒருத்தி. என் தங்கை கோமதி. அவளுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதி அதே செவ்வாய்.

"கடையத்துக்கே திருப்பி அனுப்பிருவோம்மா" என்றேன். கடையத்தில் அவள் கணவன் மாசானமுத்து மொபைல் கடை வைத்திருக்கிறான். வட்டத்திலிருந்து நல்ல தூரம்.

அம்மா மில்லை நிறுத்தாமலே கத்தினாள். "என்ன பேச்சுட்டி பேசுத? வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வந்த பிள்ளைய, பிரசவத்துக்கு நாலு நாள் இருக்கையில மாமியார் வீட்டுக்கு அனுப்புவாவளா? தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். ஊரு கைகொட்டிச் சிரிக்கும்."

"பிள்ளைய வண்டியில ஏத்திக் கொண்டு போயிருவாவம்மா. ஆட்டுக்குட்டியோட சேத்து. நான்தான் கையெழுத்துப் போடணும்."

"நீ போடாத."

"போடலன்னா வேற ஆள் வந்து போடுவான்."

கோமதி உள்ளேயிருந்து தட்டு நிறையப் பச்சரிசி மாவும் சர்க்கரையுமாக வந்தாள். அவளுக்கு எதைப் பற்றியும் கவலை கிடையாது. "நான் எங்கயும் போகலக்கா. எனக்கு அம்மா பக்கத்துல இருக்கணும். அம்மா மாதிரி சிரிச்சுக்கிட்டே பெத்துருவேன்" என்றாள்.

அம்மாவுக்கு இது போதும். அந்தப் பழைய பாட்டைத் தொடங்கிவிட்டாள். "எங்கம்மா எட்டுப் பெத்தா. எட்டுக்கும் நாலு தெருவுக்குக் கேக்க அலறுவா. என் அக்காமாருக்கும் அப்படித்தான். நான் இந்தா, இந்த ஆவுடையப் பெத்தப்ப, மதியம் சோறு தின்னுட்டு ஆசுபத்திரிக்கு நடந்து போனேன். யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுத மாதிரி இருந்துச்சு. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. நர்ஸம்மா என்னய வஞ்சாவ, ஏளா, வெக்கமா இல்லையா ஒனக்குன்னு. கோமதிக்கும் அதே கததான்."

இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஊரில் இதற்கு 'உலகம்மா உடான்ஸ்' என்றே பேர். யாராவது நம்ப முடியாத கதை விட்டால், "இது என்னப்பா உலகம்மா பிரசவமா இருக்கு" என்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே எனக்கும் இதைப் பற்றிக் கருத்து இல்லை.

திங்கள்கிழமை நிலையத்தில் ஒரே இரைச்சல். காற்றில் புதுத் தூசி ஏற ஏறப் பிரதான இயந்திரத்தின் மணி வேகமாக அடிக்கும். அன்று விடாமல் அடித்தது. என் தொழில்நுட்ப உதவியாளர் இருதயராஜ் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிக்காரர். ஐம்பது வயது. எதிலும் பதற்றப்பட மாட்டார்.

"மேடம், ஒண்ணு இடிக்குது" என்றார். "ஞாயித்துக்கிழமை சந்தையன்னிக்கெல்லாம் அளவு எகிறுது. சரி, சந்தைக்கு ஆடு வருது, அதான்னு நெனச்சோம். ஆனா இந்த ரெண்டு நாள்ல நூத்திச் சொச்சம் குட்டி பொறந்தாச்சு. ஒவ்வொண்ணுக்கும் எச்சி எடுத்துக் கைமிஷின்ல வச்சுட்டேன். ஆடு, ஆடு, ஆடுன்னுதான் சொல்லுது. காத்துல இவ்வளவு புதுசு கெடக்கு, ஒரு குட்டியிலகூட இல்லையே."

"நாளைக்குப் பொறக்கப் போறதோ என்னவோ."

"இருக்கலாம். அப்புறம், உங்க வீட்டுப் பின்கட்டுல மாட்டின பெட்டி மறுபடி வேலை செய்யல மேடம். ஊர் பூரா அலறுது, அது மட்டும் சுழியிலேயே நிக்குது."

அந்தப் பெட்டியை நான் இரண்டு தடவை மாற்றியிருந்தேன். மூன்றாவதும் ஊமை. நம் வீட்டு ராசி என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய் காலை பதினொரு மணிக்குக் கோமதி, கையில் இருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். யாரும் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குச் சிரித்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் மில்லின் சுவிட்சை அணைத்தாள். என் நினைவு தெரிந்து, பகலில், வாடிக்கையாளர் நிற்கும்போது அந்த மில் நின்றது அன்றைக்குத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டு தெரு தள்ளி. பிளாரன்ஸ் சிஸ்டர் எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கடையத்திலிருந்து மாசானமுத்து பைக்கில் பறந்து வந்து சேர்ந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து அலறல் வரும் என்று அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். வந்தது சிரிப்பு. முதலில் கிளுகிளுவென்று, பிறகு வாய்விட்டு, பிறகு மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து.

"மைனி, என்ன மைனி இது? உள்ள டிவி ஓடுதா?" என்று என்னைக் கேட்டான்.

வாசலில் ஆடு பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. என்ன ஏது என்று தெரியாமலே நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஐந்து மணிக்கு மாவட்டத்திலிருந்து வண்டி வரும். அந்தக் குழந்தையைக் கோமதியின் மடியிலிருந்து நான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று மணிக்குப் பிளாரன்ஸ் சிஸ்டர் வெளியே வந்தார். "பொம்பளப் பிள்ள. ரெண்டே முக்கால் கிலோ. முப்பது வருசமா பிரசவம் பாக்கேன், இப்படி ஒருத்தியப் பாத்ததில்ல. தலை வெளிய வாரப்ப, சிஸ்டர் கூசுதுன்னு சொல்லுதா" என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு ஒட்டியிருந்தது.

குழந்தை வழக்கமான குழந்தைதான். இருபது விரல், ஒரு மூக்கு, நிறையக் கோபம். நான் தூக்கியதும் என் விரலைப் பிடித்துக்கொண்டது. இதைக் கொட்டிலுக்கு அனுப்ப என்னால் முடியாது என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. வேலை போனால் மிளகாய் அரைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் படிவம் நிரப்ப வேண்டும். இருதயராஜ் குழந்தையின் வாயில் பஞ்சைத் தொட்டுக் கைமிஷினில் வைத்தார். பச்சை விளக்கு. 'மனிதன்'. மணி அடிக்கவில்லை.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல மேடம். தாய், தகப்பன் ரெண்டு பேருக்கும் எடுக்கணும்னு படிவத்துல கேட்டிருக்கு" என்றார்.

கோமதிக்குப் பச்சை. மாசானமுத்து வாயைத் திறந்தான். பஞ்சு உள்ளே போய் வந்தது. கைமிஷின் சிவந்து, வீல் வீல் என்று அடித்தது. திரையில் 'புதிய இனம்' என்று வந்தது.

மாசானமுத்துவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நானா? எனக்கென்ன கொறச்சல்? நான் கடையத்துலலா பொறந்தேன்!" என்று கத்தினான்.

இருதயராஜ் நிதானமாக இன்னொரு பஞ்சை எடுத்துத் தன் வாயில் வைத்தார். 'புதிய இனம்'. பிளாரன்ஸ் சிஸ்டருக்கு எடுத்தார். 'புதிய இனம்'. வாசலில் செவலை ஆட்டோடு நின்ற சண்முகவடிவு சித்திக்கு எடுத்தார். அதுவும் 'புதிய இனம்'. ஆட்டுக்கு எடுத்தார். ஆடு.

"அப்ப பேரு எனக்கே வைக்கணுமா?" என்றாள் சித்தி, நிஜமான ஆவலோடு.

நான் அம்மாவின் வாயில் ஒரு பஞ்சை வைத்தேன். பச்சை. என் வாயில் வைத்தேன். பச்சை.

"இருதயராஜ், மூலப் புட்டியில என்ன இருக்கு?"

மூலப் புட்டி என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஊர்க் காற்றில் மனிதத் தூசிதான் அதிகம். அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். அதற்காகப் பெரிய இயந்திரத்துக்கும் கைமிஷினுக்கும், 'இதுதான் மனிதன், இதைக் கண்டுகொள்ளாதே' என்று ஒரு மாதிரி எச்சிலைக் காட்டுவோம். ஆளுக்கு ஆள் மாறுகிற மூக்கு முழியை எல்லாம் அது பொருட்படுத்தாது. ஓர் இனத்தில் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கிற சில இடங்களை மட்டும்தான் பார்க்கும். அங்கே மாறினால்தான் மணி. மாதிரிப் புட்டி தலைமையகத்திலிருந்து வர வேண்டும். அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது கையெழுத்துக்காரர் எப்போதும் விடுப்பில் இருப்பார். ஆகவே எல்லா நிலையங்களிலும் ஒரு வழக்கம் உண்டு.

"என்ன மேடம் கேக்கிறீங்க? நிலையம் தொறந்த அன்னிக்கு நீங்கதான துப்புனீங்க" என்றார் இருதயராஜ்.

சொல்லி முடித்ததும் அவருக்கும் புரிந்தது. எதிலும் பதறாத மனிதர், பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

நிலையத்துக்கு நாங்கள் இருவரும் ஓடியே போனோம். வழியில் எல்லாம் என் தலைக்குள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தது. இயந்திரத்துக்கு நான்தான் மனிதன். என்னை மாதிரி இல்லாத எல்லாரும் அதற்குப் புதுசு. சந்தைக்குக் கூட்டம் வந்தால் அளவு ஏறியது. பெட்டி அதிகமாக மாட்ட மாட்ட ஏறியது. அறிவிப்பைக் கேட்டு ஜனம் திரண்டதும் இன்னும் ஏறியது. ஊர் முழுக்க அது மோந்தது சாதாரண மனிதர்களை. எங்கள் வீட்டுப் பெட்டி மட்டும் ஊமையாக இருந்தது, ஏனென்றால் அங்கே இருந்தது நாங்கள்.

"பழைய புட்டியக் கழுவிட்டு நான் துப்பவா மேடம்?" என்று கேட்டார் இருதயராஜ்.

"துப்புங்க."

அவர் துப்பினார். நிலையம் திறந்த நாள் முதல் ஆறு மாதமாக அடித்துக்கொண்டிருந்த மணி, நாலு நாற்பதுக்கு நின்றது. அந்த அமைதியில் வெளியே ஆடுகள் கத்துவது அழகாகக் கேட்டது. ஊர் முழுக்கப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சுழிக்கு இறங்கின. நான் தலைமையகத்தை அழைத்து, மூல மாதிரி கெட்டுப்போனதால் தவறான முன்னறிவிப்பு, திரும்பப் பெறுகிறோம் என்றேன். முன்னறிவிப்பு இல்லையென்றால் வட்டம் இல்லை; வட்டம் இல்லையென்றால் ஒன்பதாம் பிரிவும் இல்லை. ஐந்து மணிக்கு வந்த வண்டி ஒரு டீ குடித்துவிட்டு வெறுமனே திரும்பிப் போனது. அதன் பின்னால் நான் கையாட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக ஓர் அரசு வாகனத்துக்கு நான் கையாட்டியதே இல்லை.

திரும்பி வந்தபோது இருதயராஜ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பெட்டியும் சுழியில் இருக்க, ஒன்று மட்டும் மெல்ல மெல்லக் கண் சிமிட்டியது. எங்கள் வீட்டுப் பின்கட்டுப் பெட்டி.

விதிப்படி அதை எழுத வேண்டும். தாய், இரண்டு மகள், ஒரு பேத்தி. தாயைப் போலவே பிள்ளையும் வந்திருக்கிறது. டச்சுக்காரர் தன் தரிசுக் காட்டில் எதைத் தேடினாரோ அது எங்கள் வீட்டில் பச்சரிசி மாவு தின்றுகொண்டிருந்தது. எழுதினால், புது இனம் என்று நான்கு பேருக்கும் கொட்டில். எழுதாவிட்டால், என் வேலையில் நான் கண்ட ஒரே நிஜமான பாய்ச்சலை நானே மறைத்தவள் ஆவேன்.

இருதயராஜ் எழுந்து, அந்தப் பெட்டியின் இணைப்பை மட்டும் பிடுங்கினார். சிமிட்டல் நின்றது.

"அந்தப் பெட்டி எப்பவுமே ரிப்பேர்தான மேடம்" என்றார். பிறகு காதிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். "என் பொண்டாட்டி ரெண்டு நாள் துடிச்சுத்தான் என் மகளப் பெத்தா. நான் வெளிய நின்னேன். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேக்கும். அந்தப் பாப்பா நல்லா இருக்கட்டும். நாலு பிள்ள பெறட்டும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். நூறு வருடம், இருநூறு வருடம் கழித்து, ஏதோ ஓர் ஊரில், பிரசவ அறையின் கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். வெளியே நிற்கிற ஆண்கள் காதைப் பொத்த வேண்டியிருக்காது.

ஊருக்கு ஏமாற்றம் ஏதும் இல்லை. வந்த ஆட்டுக்காரர்களுக்குச் சமைத்த சோறு இருந்தது, வாழை மரம் கட்டியிருந்தது, மைக் செட் வாடகைக்கு வந்திருந்தது. வேறு என்ன வேண்டும்? ஃபிளெக்ஸில் இருந்த கேள்விக்குறியின் மேல் யாரோ கோமதி குழந்தையின் போட்டோவை ஒட்டிவிட்டார்கள். அன்று ஊரில் பிறந்த ஒரே மனிதப் பிள்ளை அதுதானே என்றார்கள். நான் போய் அதைக் கிழிக்கப் பார்த்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் பேர் வைத்தார்கள். புது இனத்துக்குப் பேர் வைக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்குத்தான் என்பது என்னையும் இருதயராஜையும் தவிர யாருக்கும் தெரியாது. ஏதாவது கம்பீரமான பேராக இருக்க வேண்டுமே என்று நான் மனதுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். மாசானமுத்து என்னைக் கேட்கவே இல்லை. முதல் பிள்ளைக்கு அப்பாவழிப் பேர்தானே? குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னான்: "பேச்சியம்மா, பேச்சியம்மா, பேச்சியம்மா."

அன்று மாலை கூட்டம் கலைந்ததும் நான் அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். டச்சுக்காரர், புட்டி, எச்சில், எங்கள் வீட்டுப் பெட்டி, எல்லாம். தாவியது நீதான் அம்மா, நானும் கோமதியும் பேச்சியும் உன் பின்னால் வந்தவர்கள் என்றேன். பயந்துவிடுவாளோ என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அம்மா என் கையை உதறிவிட்டு எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்ப நான் சிரிச்சுக்கிட்டே பெத்தது நெசம்னு மிஷினே சொல்லிட்டு. முப்பத்துநாலு வருசமா ஊரு பூரா என்னயப் புளுகுணின்னு சொன்னாவளே, இத நான் யாருட்டயும் சொல்லக் கூடாதோ?"

"சொல்லக் கூடாதும்மா."

"வடிவுட்ட மட்டும்?"